‘கராத்’னு ஒரு பட்டம் வந்தா எப்படி படிக்கிறது, தமிழ்ல எப்படி எழுதுறது

சோமாலியா, எத்தியோப்பியா பக்கத்து வரலாறத் தமிழ்ல எழுதலாம்னு உக்காந்தா கொஞ்ச நேரத்துலயே தலைவர், அதிகாரிமாரோட பேருக்கு முன்னாடி இந்தப் பட்டம் வந்து நிக்கும். கராத். இப்ப நம்ம மலையகத்துல நெறைய புள்ளைங்க வெளிநாட்டு நியூஸ மொழிபெயர்த்து பேஜ்ல போடுறாங்க, கல்ஃப்ல இருந்துட்டு வந்தவங்க கூட வேலை பார்த்த சோமாலி ஆளுங்களப் பத்தி எழுதுறாங்க, ஸ்கூல் குவிஸுக்கு கேள்வி தேடுற டீச்சர்மார் இருக்காங்க, இவங்கள்ல பல பேரு கராத்னு கண்ட ஒடனே ‘அரசர்’னு போட்டுட்டு அடுத்த லைனுக்குப் போயிடுறாங்க. அது எனக்கு ரொம்ப மனசுக்கு கஷ்டமா இருக்கும். ஏன்னா சில இடத்துல அது சரி, பல இடத்துல அது முழுத் தப்பு. அதனால இத எப்படி கையாளுறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

முதல்ல ஒண்ண மனசுல வச்சுக்கங்க. நம்ம தோட்டத்துல ‘கங்காணி’ன்னு சொன்னா அது ஒரே ஆளா? பெரிய கங்காணின்னா ஊர்ல இருந்து நூத்துக்கணக்குல ஆள் கட்டிட்டு வந்து துரைகிட்ட நேரா பேசுறவரு, சில்லறைக் கங்காணின்னா அவருக்குக் கீழ ஒரு சின்னக் கூட்டத்தப் பாத்துக்கிறவரு. பட்டம் ஒண்ணு, அதிகாரம் வேற வேற. கராத்தும் அப்படித்தான். அதனால கராத்னு ஒரு பேர் வந்தா நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, இவருக்கு மேல யாரு இருந்தா? மேல ஒருத்தரும் இல்லன்னா அவரு ஆட்சியாளர் இல்லாட்டி குலத்தலைவர். மேல ஒரு சுல்தானோ அமீரோ எத்தியோப்பியப் பேரரசரோ இருந்தா பெரும்பாலும் அவரு மாகாண ஆளுநர், இல்ல அதிகாரி, சில சமயம் கப்பம் கட்டுற சிற்றரசர்.

அதுக்கு வருஷத்தப் பாக்கணும். 15ஆம் நூற்றாண்டுன்னா ஹதியா தேசத்து ஞாபகம் வரணும். இன்னைக்கு தெற்கு எத்தியோப்பியாவுல இருக்குற பகுதி, அங்க ஆண்டவங்களுக்குப் பட்டமே கராத்துதான். ஆனா அவங்க எத்தியோப்பியப் பேரரசருக்குக் கப்பம் கட்டுனவங்க. 1434ல இருந்து 1468 வரைக்கும் ஆண்ட பேரரசர் ஸெரா யாகோப் ஹதியா கராத் முஹம்மதோட மகளக் கல்யாணம் கட்டுனாரு, அவங்கதான் பிற்காலத்துல எத்தியோப்பியாவையே நடத்துன ராணி எலேனி. 1509 வாக்குல போர்ச்சுக்கலுக்குத் தூது அனுப்புனதும் இவங்கதான். ஒரு முஸ்லிம் கராத்தோட மக கிறிஸ்தவ அரண்மனையில அவ்வளவு பெரிய எடத்துக்கு வந்தாங்கன்னா அந்தப் பட்டத்துக்கு அன்னைக்கு இருந்த கனம் புரியும். இந்த எடத்துல ‘ஹதியாவின் ஆட்சியாளரான கராத் முஹம்மத்’னு எழுதலாம், தப்பில்ல.

16ஆம் நூற்றாண்டுக்கு வந்தா அதால் சுல்தானகம், இன்னைய சோமாலிலாந்து, கெழக்கு எத்தியோப்பியா பக்கம் இருந்த முஸ்லிம் அரசு. இங்கதான் ரொம்பக் கவனம் வேணும், ஏன்னா மேல சுல்தான்னு ஒருத்தர் இருக்காரு, ஆனா நெசமான பலம் பல நேரம் கராத்மார் கையில. ஸெய்லா துறைமுகத்து ஆளுநர் மஹ்ஃபூஸ் கராத்தா இருந்தவரு, வருஷா வருஷம் எத்தியோப்பிய மலைநாட்டு மேல படையெடுத்து 1517ல போர்ல செத்தாரு. அவருக்கப்புறம் கராத் அபூன்ங்குற ஒருத்தர் கொஞ்ச வருஷம் அதாலையே நடத்துனாரு, சுல்தான் அபூபக்கர் கூட மோதி அவரும் செத்துப் போயிட்டாரு. அந்த அபூன்கிட்ட இருந்த ஒரு இளம் வீரர்தான் அஹ்மத் இப்னு இப்ராஹிம், மஹ்ஃபூஸோட மக பதி தெல் வம்பராவக் கட்டுனவரு, 1529ல ஷிம்ப்ரா குரேயில எத்தியோப்பியப் படைய உடைச்சு 1543ல போர்க்களத்துலயே உசிர விட்டவரு. அவர இமாம்னுதான் அந்தக் காலத்து நூல் சொல்லுது. இமாம் அஹ்மதுக்குக் கீழ சண்டை போட்ட தளபதிமார்ல பல பேருக்குப் பட்டம் கராத், அவங்கள்ல சோமாலிப் படைக்குத் தலைவரா இருந்த அவரோட மச்சான் கராத் மத்தானும் ஒருத்தர். இவங்கள எல்லாம் ‘அரசர்’னு எழுதுனீங்கன்னா படிக்கிற புள்ளைக்கு ஒரே படையில இத்தன ராஜா எப்படின்னு தலை சுத்தும், பாவம்.

கெழக்கு எத்தியோப்பியாவுல இருக்குற ஹரார் நகரத்து அமீரகம் 1647ல தனியா ஆரம்பிச்சுது, 1887 வரைக்கும் இருந்துது, நடுவுல 1875ல இருந்து 1885 வரை எகிப்துக்காரங்க பிடிச்சு வச்சிருந்தாங்க. (அந்த எகிப்துலதான் ஒராபி பாஷா கிளர்ச்சி பண்ணி, தோத்து, இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டாரு. கண்டியில அவரு இருந்த வீட்டப் பாத்தவங்களுக்கு ஹரார் அவ்வளவு தூரமாத் தெரியாது. அந்தக் கிளர்ச்சிக்கு அப்புறம் பிரிட்டிஷ்காரன் எகிப்துக்குள்ள வந்ததாலதான் எகிப்துப் படை ஹராரை விட்டுக் கெளம்புச்சு.) இந்த அமீரகத்துல ராஜா அமீர்தான். கராத்னா அவருக்குக் கீழ இருக்குற பெரிய அதிகாரி, இல்ல மதிலுக்கு வெளிய வெவசாயம் பண்ற ஒரோமோ குலங்களுக்குத் தலைவரா அமீர் ஏத்துக்கிட்ட ஆளு.

இது நல்லா வெளங்கணும்னா ரிச்சர்ட் பர்ட்டன்ங்குற பிரிட்டிஷ்காரப் பயணி எழுதி வச்ச பயணத்தப் பாருங்க. 1855 ஜனவரியில அவரு ஹராருக்குள்ள போறதுக்கு முன்னாடி மலையடிவாரத்துல கெரி சோமாலிகளோட தலைவர் வீட்டுல தங்குறாரு, அவரு பேரு கராத் ஆதன். அவருக்கு மேல ராஜா கெடையாது, தன் ஆளுங்களுக்கு அவர்தான் பெரியவரு, வந்த வெள்ளைக்காரனுக்கு வழி காட்டுறதா வேணாமான்னு முடிவு பண்றதும் அவருதான். பர்ட்டன் மதில் கதவத் தாண்டி உள்ள போனா அங்க அமீரோட வஸீர், அதாவது முதலமைச்சர் மாதிரி இருக்குறவரு, அவரு பேரு கராத் முஹம்மத். அந்த மனுசன் தீராத நெஞ்சுச் சளியில கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்காரு, பர்ட்டன் மருந்து அனுப்புறேன்னு சொல்லித்தான் அவரு மனச எளக வைக்கிறாரு. ஒரே பயணம், சில நாள் எடைவெளி, ரெண்டு கராத். ஒருத்தர ‘குலத்தலைவர்’னும் இன்னொருத்தர ‘அமீரின் வஸீர்’னும் எழுதணும். ரெண்டு எடத்துலயும் கராத்ங்குற பட்டத்த அப்படியே வச்சுட்டு, பக்கத்துல அவரு செஞ்ச வேலையச் சொல்லிடுங்க. நான் சொல்ல வர்ற முறையே இதுதான். பட்டத்த மொழிபெயர்க்காதீங்க, வேலைய விளக்குங்க.

சோமாலிகள்கிட்ட இந்தப் பட்டம் இன்னைக்கும் உசிரோட இருக்கு. வர்சங்கலி குலத்துக்காரங்க கராத் டிடின்ல இருந்துதான் தங்களோட ஆட்சி ஆரம்பிச்சுதுன்னு சொல்வாங்க, பிற்காலத்துல அவங்க தலைவருக்கு சுல்தான்ங்குற பேர்தான் பெருசா பரவுச்சு, 1920ல பிரிட்டிஷ்காரன் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்துன மஹமூத் அலி ஷிரே அந்த வரிசையில வந்தவரு. டுல்பஹந்தே குலத்துல கராத்ங்குற பேரே நெலைச்சுருச்சு. இவங்க நாடாளுற ராஜா இல்ல. ஒரு கொலை நடந்துட்டா ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சு நட்டஈடு பேசுறது, ஒரு ஆம்பள உசிருக்கு நூறு ஒட்டகம்னு பழைய வழக்கு, அது யாரு குடுக்குறது எப்படிப் பங்கு பிரிக்கிறதுன்னு மரத்தடியில பெரியவங்க கூட சேந்து முடிவெடுக்கிறது, இதெல்லாம்தான் அவங்க வேலை. கூட்டம் ஒத்துக்காம கராத் மட்டும் தனியா ஒரு முடிவ யாரு மேலயும் திணிக்க முடியாது. புதுசா ஒருத்தர் பட்டத்துக்கு வரும்போது பச்ச எலைய அவரு தலையில வைப்பாங்க, கிரீடம்னு ஒண்ணு கெடையாது. அதனால ‘முடிசூட்டு விழா’ன்னு எழுதாம ‘பட்டமேற்பு’ன்னு எழுதி எலை வைக்கிறதையும் சேத்து சொல்லுங்க, அழகா இருக்கும்.

கராத்ங்குற சொல்லுக்கு சோமாலியில அறிவு, புத்தின்னும் ஒரு அர்த்தம் இருக்கு. பட்டத்துக்கு வந்தவருகிட்ட சனங்க எத எதிர்பாத்தாங்கன்னு தெரியணும்னா கெழக்கு எத்தியோப்பியாவுல ஜிக்ஜிகா பக்கம் 19ஆம் நூற்றாண்டுல இருந்த ஒரு கராத், எல்லாரும் வீல்வால்னு கூப்புடுறவரு, அவரப் பத்தின கதையக் கேளுங்க. ஆட்டுல எந்தப் பாகம் மனுசங்கள அண்ணன் தம்பியாவும் ஆக்கும், எதிரியாவும் ஆக்கும், அதக் கொண்டாங்கன்னு சொன்னாராம். எல்லாரும் நல்ல நல்ல கறித்துண்டா கொண்டு வந்தாங்க. ஒரு ஏழை மட்டும் மக சொன்னபடி ஆட்டோட தொண்டைக்குழலக் கொண்டு வந்து கூச்சத்தோட நீட்டுனாராம். வீல்வாலுக்கு அதுதான் விடை, பங்கு போட்டுத் தின்னா ஒறவு, பேராசைப்பட்டு முழுங்குனா பகை. அந்தப் புள்ளையோட புத்திய அவரு மெச்சுனாருன்னு கதை முடியும். ஜிக்ஜிகா விமான நிலையத்துக்கே இவரு பேருதான்.

இப்ப எழுத்து விஷயம். இங்கிலீஷ்ல இத ஒரு ஏ போட்டு, ரெண்டு ஏ போட்டு, பழைய புத்தகத்துல ஈ போட்டு ஜெராட்னு படிக்கிற மாதிரி எல்லாம் எழுதியிருப்பாங்க, எல்லாம் ஒண்ணுதான், முதல் எழுத்து கணேசன்ல வர்ற க. தமிழ்ல நான் சொல்றது ‘கராத்’. ‘கராட்’ வேணாம். நம்ம முஸ்லிம் ஆளுங்க அஹ்மத், முஹம்மத்னு எழுதுற அதே த் சத்தம்தான் இது. சோமாலியில நம்ம ட மாதிரி நாக்க மடக்குற சத்தம் தனியா இருக்கு, அவங்க அதுக்கு டி எழுத்துக்குப் பக்கத்துல எச் போடுவாங்க, அதனாலதான் டிடின், டுல்பஹந்தேக்கு ட போட்டேன். இந்த ரெண்டு சத்தத்தையும் இங்கிலீஷ்காரனால சரியாப் பிரிக்க முடியாது, தமிழால முடியும், அத விட்டுடாதீங்க.

அரபு எழுத்துல அந்த கணேசன் க சத்தம் இல்லாததால ஜீம் எழுத்தப் போட்டு ஜராத்னு எழுதுவாங்க, அரபியில ஜராத்னா வெட்டுக்கிளி. அரபு நியூஸ போன்ல மொழிபெயர்த்துப் பாக்குறப்ப திடீர்னு ஒரு தலைவருக்கு முன்னாடி வெட்டுக்கிளி வந்து ஒக்காந்தா அது கராத்துன்னு புரிஞ்சுக்கங்க.

பேருக்கு முன்னாடிதான் பட்டம் வரும். ‘கராத் அலி கராத் மஹமூத்’னு ஒரு பேரு பாத்தா, அலி ஒரு கராத், அவரு அப்பா மஹமூத்தும் ஒரு கராத், 1899ல தர்வீஷ்னு சொல்ற, பிரிட்டிஷ்காரன எதிர்த்த சோமாலி இயக்கத்து ஆளுங்க கொன்ன டுல்பஹந்தே தலைவர் இந்த அலிதான். கராத்தக் குடும்பப் பேரா நெனைச்சு ‘திரு. கராத்’னு போடாதீங்க, ‘மன்னர் கராத் அலி’ன்னும் ரெண்டு பட்டத்த ஏத்தாதீங்க. ரெண்டாவது தடவ சொல்றப்ப ‘கராத் அலி’ போதும். அதே மாதிரி சோமாலிலாந்து தனியாப் பிரியுறதா அறிவிச்ச 1991 புரஓ மாநாட்டுல பெரிய பங்கெடுத்து 2006ல காலமானவர ‘கராத் அப்திகானி கராத் ஜாமா’ன்னு முழுசா ஒரு தடவ எழுதிட்டு அப்புறம் கராத் அப்திகானின்னு போங்க. பல பேரா வந்தா நம்ம வழக்கப்படி ‘கராத்மார்’னு எழுதலாம், கேக்க நல்லா இருக்கு.

எல்லா சோமாலித் தலைவரும் கராத் இல்ல. மஜீர்தீன்ல பொகோர், ஈஸா, கதபூர்ஸில உகாஸ், இஸாக்ல சுல்தான், நுகால் பக்கம் இஸ்லான், தெக்க மலாக்னு இருக்கு, எல்லாருக்கும் சேத்து பொதுவா ‘இஸிம்’னு சொல்வாங்க. ஒருத்தரு பட்டத்த இன்னொருத்தருக்குப் போட்டா அந்தக் குலத்து ஆளு படிச்சா நோகும். கூட வேலை பாத்த சோமாலி நண்பர் இருந்தா அவருகிட்டயே கேட்டுருங்க, ஆசையா சொல்வாங்க.

தேடுறப்ப ஒரு துறைமுகமும் வந்து கொழப்பும். சோமாலியாவோட புந்த்லாந்து மாநிலத்துல முதுக் பகுதிக் கடலோரத்துல இருக்கு, கிட்டத்தட்ட இதே பேரு, ஆனா நடுவுல ஒரு சி எழுத்து இருக்கும். சோமாலியில சி போட்டா அது தொண்டையில இருந்து வர்ற அரபு ஐன் சத்தம், அந்த ஊர ‘கரஅத்’னு எழுதுங்க. கடற்கொள்ளைக்காரன், கப்பல், துறைமுகம்னு நியூஸ் போச்சுன்னா அது ஊரு, சமாதானப் பேச்சு, குலக் கூட்டம், பட்டமேற்புன்னு போச்சுன்னா அது நம்ம கராத்.