ராமேஸ்வரம் பக்கம் கயாக் போகிறீர்களா, முதலில் காற்றைப் பாருங்கள்

கடலில் கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் குட்டிப் படகு, என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, கையில் நல்ல பலம் வேண்டுமா என்பதுதான். வேண்டாம். தினமும் கொஞ்ச தூரம் நடக்கிற ஆள் என்றாலே அரை நாள் துடுப்பு போட்டுவிடலாம். கேட்க வேண்டிய கேள்வி காற்றைப் பற்றியது, அதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மே மாதவாக்கில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிட்டால் செப்டம்பர் வரை ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை வந்ததும் அப்படியே தலைகீழ். அதனால் எந்தக் கடல் அமைதியாக இருக்கிறதோ அதில் இறங்கு என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி.

ஒரு ஜூன் மாதம் ராமேஸ்வரம் வடகரையில் ஓலைக்குடா பக்கம் இறங்கினேன். அப்படி ஒரு அமைதி, அடியில் கடல்புல் ஆடுவதுகூடத் தெரிகிறது. நாலு துடுப்பு போட்டால் கயாக் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, பரவாயில்லையே நமக்கும் இது வருகிறதே என்று இருபது நிமிஷம் கழித்துப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால் கரைத் தென்னைகள் எல்லாம் விரல் உயரத்துக்குப் போயிருந்தன. பக்கத்தில் தெர்மோகோல் மிதவையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, “என்ன தம்பி, இலங்கைக்கா?” என்றார். கரைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. என் திறமை என்று நான் நினைத்தது முழுக்க முதுகில் கை வைத்துத் தள்ளிய கச்சான்.

விஷயம் இவ்வளவுதான். கரையோரம் கடல் குளம் மாதிரி இருப்பதற்குக் காரணமே காற்று தரையிலிருந்து கடலுக்குள் அடிப்பது. அலை எழும்ப வேண்டுமென்றால் காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓடுவதற்கு தூரம் வேண்டும், கரையருகே அந்த தூரம் இல்லை. அலை இல்லாவிட்டாலும் தள்ளல் இருக்கிறது, உள்ளே போகப் போக இரண்டும் கூடும். அதனால் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் கரையில் நின்று ஒரு பிடி மணலைத் தூவிப் பாருங்கள். அது கடல் பக்கம் பறந்தால் அன்றைக்குக் கரையை ஒட்டியே, இடுப்பளவு தண்ணீருக்குள்ளேயே ஓட்டுங்கள். காற்று பலமாக இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை. வாடை ஓய்ந்து கச்சான் இன்னும் பிடிக்காத காலம் அது. முந்தின நாள் ராத்திரி இன்கோயிஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பையும் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். காற்று 10 நாட் (knot) வேகத்துக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தால் முதல் முறை போகிறவர்களுக்கு அது சரிப்படாது. கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டுவது ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான், ஃபோன் இல்லாமலும் கண்டுபிடித்துவிடலாம். பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

நேரம் என்றால் விடிகாலைதான். ஆறு மணிக்குத் தண்ணீரில் இருந்தால் ஒன்பதரைக்குள் கரையில் இருங்கள், அதற்குப் பிறகு தரை சூடேறிக் கடற்காற்று எழும்பும். போகும்போது எதிர்க்காற்றில் போய், வரும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வாருங்கள். களைத்த நேரத்தில் எதிர்க்காற்று மாதிரி கொடுமை இல்லை. பழகாதவர் மணிக்கு நாலு கிலோமீட்டர் போவதே அதிகம், எதிர்க்காற்றில் அது பாதியாகிவிடும், அந்தக் கணக்கில் தூரத்தைத் திட்டமிடுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? நேராகத் தீவுக்கு வேண்டாம். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். காற்று அதிகம் நுழையாத இடம், துடுப்பு பழக அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. அடுத்தது உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசை, திறந்த கடல், ஆனால் ஆழம் குறைவு. இரண்டும் வனத்துறையின் சூழல் சுற்றுலா இடங்கள். இவற்றில் இரண்டு மூன்று முறை போன பிறகு, ஊர்க் கடல் தெரிந்த வழிகாட்டியோடு ராமேஸ்வரம் வடகரையில் ஓட்டலாம்.

முயல் தீவு, மனோலி, குருசடை என்று மண்டபம் பக்கத்துத் தீவுகளை வரைபடத்தில் பார்த்ததும் கை அரிக்கும், எனக்கும் அரித்தது. தூத்துக்குடியிலிருந்து இங்கே வரை உள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் வருகின்றன. அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகவோ இறங்கவோ கூடாது. குருசடையைப் பார்க்க ஆசை என்றால் வனத்துறைப் படகில் போய்வாருங்கள். தீவைச் சுற்றிலும் பவளப்பார், வற்றத்தில், அதாவது கடல் உள்வாங்கும் நேரத்தில், அது முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். கயாக் அடி உரசினால் உடைவது பல வருஷம் வளர்ந்த பவளம்.

கயாக்கில் இரண்டு வகை. மேலே உட்காருவது ஒன்று, கால் இரண்டையும் உள்ளே நீட்டி உட்காருவது இன்னொன்று. புதியவருக்கு முதலாவதுதான், கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். லைஃப் ஜாக்கெட்டை வாங்கும்போதே போட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் மூன்று கொக்கியில் ஒன்றுதான் பூட்டியது, கேட்டதற்கு “கயிறு கட்டித் தரேன் சார்” என்றார்கள். கிளம்பி வந்துவிட்டேன். பூட்டிய பிறகு கூட வந்தவரை இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள், ஜாக்கெட் காதுவரை வந்தால் அது உங்கள் அளவு இல்லை. மற்றபடி முழுக்கைச் சட்டை, தாடையில் கட்டுகிற தொப்பி, பவளக்கல் குத்தாத வார்ச்செருப்பு, ஒரு விசில், தண்ணீர் புகாத உறையில் ஃபோனும் அடையாள அட்டையும், ஆளுக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர். தண்ணீரில்தானே இருக்கிறோம் என்று குடிதண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்னால் நெஞ்சளவு ஆழத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள், இதில் வெட்கம் வேண்டாம். விழுந்ததும் முதலில் பிடிக்க வேண்டியது கயாக்கை, அப்புறம்தான் துடுப்பு. காற்று ஆளில்லாத கயாக்கை நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும். கவிழ்ந்ததை நிமிர்த்தி, நடுப்பகுதியின் ஓரத்தைப் பிடித்து, உடம்பைத் தண்ணீரில் படுக்கை வசமாக விட்டுக் காலை உதைத்தபடியே வயிற்றை இருக்கைமேல் குறுக்கே போடுங்கள். பிறகு மெதுவாகப் புரண்டு பின்பக்கத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகக் காலை எடுத்து உள்ளே போட வேண்டும். நிறையப் பேர் எழுந்து நின்று ஏறப் பார்த்து மறுபடி விழுவார்கள். மூன்று முறை ஒழுங்காக ஏறிவிட்டால் போதும், பயம் முக்கால்வாசி போய்விடும்.

துடுப்பு போடுவதில் ஒன்றுதான் சொல்வேன், கையால் இழுக்காதீர்கள். பாதத்துக்கு நேராகத் துடுப்பை இறக்கி, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி இழுத்து, இடுப்புக்கு நேராக வந்ததும் எடுத்துவிடுங்கள். தோள் வலித்தால் கையால் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். பெரிய அலை வந்தால் அணியத்தை, அதாவது முன்மூக்கை, அதற்கு நேராகத் திருப்புங்கள். பக்கவாட்டில் வாங்கினால் இடுப்பை விறைக்காமல் அலை பக்கமாகக் கொஞ்சம் சாயுங்கள்.

வடகரையில் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் வரிசையாகக் கிடக்கும், அவற்றின் நங்கூரக் கயிறு தண்ணீருக்கு அடியில் எந்தப் பக்கம் போகிறது என்று மேலிருந்து தெரியாது. பல குடும்பங்களின் வருமானம் அது, நடுவில் புகாமல் சுற்றிப் போங்கள். வலை மிதவைக்கும் அதே மரியாதை. பாம்பன் பாலத்துக்கு அடியில் போட்டோ எடுக்கும் ஆசை வேண்டவே வேண்டாம், இரண்டு கடலுக்கும் நடுவே தண்ணீர் அங்கே ஆறு மாதிரி ஓடும். தனுஷ்கோடிக் கடைசியில் இருக்கும் அரிச்சல்முனையும் அப்படித்தான், அங்கே எல்லைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

தனியாகப் போகாதீர்கள், குறைந்தது இரண்டு கயாக். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டையும் அவர் ஃபோனில் போட்டுக் கொடுங்கள். கரை சேர்ந்ததும் இட்லிக் கடைக்குப் போவதற்கு முன்னால் அவருக்கு ஒரு ஃபோன் அடித்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய் மூன்றாவது தோசையில் இருந்தபோது என் மனைவி 1554-க்குப் பேசத் தொடங்கியிருந்தாள்.