வீட்டில் பிராந்தி காக்டெயில்: சைடுகாரிலிருந்து தொடங்குவோம்

பிராந்தி என்றால் சோடாவோ தண்ணீரோ ஊற்றிக் குடிப்பதுதான் என்பது நம் ஊர் வழக்கம். ஆனால், காக்டெயில்கள் உருவாகிவந்த காலத்தில் பிராந்திக்கு முதல் வரிசையிலேயே இடம் இருந்தது. அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸ் 1862-இல் வெளியிட்ட செய்முறை நூலில் பிராந்திக் கலவைகள் ஏராளமாக உள்ளன. அதன் பிறகு ஃபைலாக்ஸரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியதால் 1870-களிலிருந்து கோன்யாக் என்னும் பிரெஞ்சு பிராந்தி கிடைப்பது அரிதாகி, பல கலவைகளில் அதன் இடத்தை விஸ்கி பிடித்துக்கொண்டது. இன்றும் நிலைத்திருக்கும் பிராந்திக் கலவைகளில் வீட்டுச் சமையலறையிலேயே செய்யக்கூடிய சிலவற்றை இங்கே விளக்குகிறேன். பிராந்தி மட்டமாக இருப்பதால் கெட்டுப்போகும் காக்டெயில்களைவிட, கண்ணளவில் ஊற்றியும் ஐஸைக் கஞ்சத்தனமாகப் போட்டும் கெடுபவையே அதிகம் என்பது என் அனுபவம்.

முதலில் எந்த பிராந்தி என்பதைப் பார்ப்போம். பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தில் செம்பு வாலையில் இருமுறை வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்த பிராந்திதான் கோன்யாக். குறைந்தது 2 ஆண்டு ஊறியது வி.எஸ்., 4 ஆண்டு ஊறியது வி.எஸ்.ஓ.பி., 10 ஆண்டு ஊறியது எக்ஸ்.ஓ. என்று லேபிளில் இருக்கும். காக்டெயிலுக்கு வி.எஸ். போதுமானது, எக்ஸ்.ஓ. புட்டியைத் திறந்து அதில் எலுமிச்சையைப் பிழிவது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாவாட்டுவதைப் போன்றது. இந்தியாவில் பிராந்தி என்ற பெயரில் விற்பனையாகும் பல வகைகள், கரும்புக் கழிவுப்பாகிலிருந்து (மொலாசஸ்) எடுத்த சாராயத்தோடு திராட்சை வடிநீரையோ மணச்சத்தையோ சேர்த்துத் தயாரிக்கப்படுபவை. எனவே, முழுவதும் திராட்சையிலிருந்தே வடித்தது என்று லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் புட்டிகளின் வலிமை பெரும்பாலும் 42.8 சதவீதம், கோன்யாக் வழக்கமாக 40 சதவீதம். இந்த வேறுபாட்டை நாக்கு அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஆனால், சில உள்ளூர் வகைகளில் வெனிலா வாடையும் இனிப்பும் தூக்கலாக இருப்பதால், அவற்றைப் பயன்படுத்தும்போது மற்ற இனிப்பை 5 மில்லி குறைத்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளுக்காகப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. இருமல் மருந்துப் புட்டியோடு வரும், 5, 10 மில்லி என்று கோடு போட்ட பிளாஸ்டிக் மூடியை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டால் அதுவே நம்பகமான அளவுகோல். கலவையைக் குலுக்கும் ஷேக்கர் இல்லையென்றால் மூடி இறுக்கமாகப் பொருந்தும் எவர்சில்வர் டப்பாவோ பெரிய ஊறுகாய் பாட்டிலோ போதும். வடிகட்டத் தேநீர் வடிகட்டி இருக்கிறது. ஐஸ் கட்டிகளை மட்டும் முதல் நாளே மூடியுள்ள தட்டில் உறையவைத்துவிடுங்கள். திறந்த தட்டில் வைத்தால், ஃப்ரிட்ஜில் இருக்கும் மீனும் மல்லிகைச் சரமும் ஐஸில் தம் வாசனையை ஏற்றிவிடும். அந்த வாசனை பிராந்திக்குள்ளும் இறங்கும்.

சைடுகாரில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அதில் பிராந்தி, ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது), எலுமிச்சைச் சாறு என்று மூன்றே பொருள்கள் இருப்பதால் எந்தப் பிழையும் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்காது என்பதுதான். அச்சில் இதன் செய்முறை 1922-இல் வந்தது. அப்போது மூன்று பொருள்களும் சம அளவு. லண்டன் சவாய் ஹோட்டலின் 1930-ஆம் ஆண்டுச் செய்முறை நூலில் பிராந்தி இரண்டு பங்காகவும் மற்றவை ஒவ்வொரு பங்காகவும் மாறின. இப்போது பரவலாக வழங்கும் அளவு, பிராந்தி 50 மில்லி, ஆரஞ்சு லிக்கர் 20 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி என்பதாகும். நான் கடைப்பிடிப்பதும் இதைத்தான். சம அளவில் கலந்தால் பிராந்தி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆரஞ்சு லிக்கர் என்பதற்குப் பொதுப்பெயர் ட்ரிபிள் செக்; பெயர்பெற்ற வகையான க்வான்ட்ரோ 40 சதவீத வலிமையுள்ளது. மலிவான ட்ரிபிள் செக் வகைகளில் வலிமை குறைந்தும் சர்க்கரை மிகுந்தும் இருப்பதால், அவற்றை 15 மில்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலைநாட்டுச் செய்முறைகளில் வரும் லெமன் என்பது தடித்த தோலுடைய பெரிய மஞ்சள் பழம். நம் சந்தையில் கிடைக்கும் சிறிய எலுமிச்சை அதைவிடச் சற்றுக் காரமான புளிப்பும் இலேசான கசப்பும் கொண்டது. எனவே 18 மில்லியோடு தொடங்கிச் சுவை பார்த்துக் கூட்டுங்கள். பழத்தை ஒட்டப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். புட்டியில் அடைத்து விற்கும் சாற்றை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றையும் ஷேக்கரில் ஊற்றிய பிறகு, அதன் முக்கால் பாகம் நிறையும்வரை ஐஸ் போடுங்கள். முதன்முதலில் செய்தபோது, ஐஸ் அதிகமானால் நீர்த்துவிடும் என்று எண்ணி நான்கே கட்டிகளைப் போட்டேன். அவை நான்கும் நொடியில் கரைந்துபோய், குளிரவும் இல்லாமல் அடர்த்தியும் இல்லாமல் வெதுவெதுப்பான பானகம் போன்ற ஒன்றுதான் கிடைத்தது. ஐஸ் நிறைய இருந்தால், ஒவ்வொரு கட்டியும் கொஞ்சமாகக் கரைந்தே கலவை முழுவதையும் குளிர்வித்துவிடும். மூடியை ஒரு கையாலும் அடிப்பாகத்தை மறு கையாலும் பற்றிக்கொண்டு, 12 முதல் 15 நொடி வேகமாகக் குலுக்குங்கள். தொடக்கத்தில் கடகடவென்று கேட்கும் சத்தம் மெல்ல மழுங்கும். எவர்சில்வரின் வெளிப்புறம் வியர்த்து, பிறகு வெள்ளையாகப் பூத்து, விரல்கள் மரத்துப்போகத் தொடங்கும். அதுதான் பதம். ஃப்ரீசரில் முன்கூட்டியே வைத்த கண்ணாடிக் கோப்பையில் உடனே வடிகட்டிவிட வேண்டும். கோப்பையின் விளிம்பில் சர்க்கரை ஒட்டும் வழக்கமும் உண்டு. பாதி விளிம்பில், அதுவும் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால், வேண்டாதவர் மறுபக்கமாகக் குடித்துக்கொள்ளலாம். லிக்கரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்தச் சிறிய கோப்பையில் இருப்பது ஒரு லார்ஜ் பெக்கைவிடச் சற்று அதிகம் என்பதையும், புளிப்பும் இனிப்பும் அதை மறைத்துவிடும் என்பதையும் விருந்தினரிடம் சொல்லிவிடுவது முறை.

இனிப்பு விரும்புபவர்களுக்கு பிராந்தி அலெக்ஸாண்டர். பிராந்தி, கோகோ லிக்கர், ஃப்ரெஷ் க்ரீம் ஆகிய மூன்றும் தலா 30 மில்லி. கோகோ லிக்கரின் புட்டியில் க்ரெம் டி ககாவ் என்று பெயர் இருந்தாலும் அதில் பாலாடை எதுவும் கிடையாது. ஆகவே க்ரீமைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். பாலில் மிதக்கும் ஏட்டை எடுத்துப் போட்டால் திரிதிரியாக மிதக்கும். சைடுகாரைப் போலவே குலுக்கி வடிகட்டி, மேலே ஜாதிக்காயை இரண்டு முறை மட்டும் துருவுங்கள். குலுக்கிய பாத்திரத்தை உடனே வெந்நீரில் கழுவிவிடுவது நல்லது.

செலவு குறைந்தது வேண்டுமென்றால் சைப்ரஸ் தீவின் பிராந்தி சவர் இருக்கிறது. எகிப்து மன்னர் ஃபாரூக் அங்குள்ள பிளாட்ரெஸ் மலையூரில் தங்கியபோது, பார்ப்பவருக்கு ஐஸ் டீயாகத் தோன்றும்படி இது அவருக்குத் தயாரிக்கப்பட்டது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். உயரமான டம்ளரில் ஐஸை நிரப்பி, 50 மில்லி பிராந்தி, 25 மில்லி எலுமிச்சை ஸ்குவாஷ், இரண்டு மூன்று துளி அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்பான மூலிகைச் சாரம்) ஆகியவற்றை ஊற்றி, சோடாவால் நிறைத்து ஒரே ஒரு முறை கிளறினால் போதும். ஸ்குவாஷ் இல்லாதபோது 15 மில்லி எலுமிச்சைச் சாற்றோடு 20 மில்லி சர்க்கரைப் பாகைச் சேர்க்கலாம். பாகு என்றதும் கம்பிப் பதம்வரை காய்ச்சிவிடாதீர்கள். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சூடேறிச் சர்க்கரை கரைந்தவுடன் இறக்கிவிட வேண்டும். மிஞ்சிய பாகு ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓல்ட் ஃபேஷன்ட் என்னும் காக்டெயிலைக் கேட்டால் பெரும்பாலும் விஸ்கிக்குப் பதிலாக பிராந்தியில்தான் தருவார்கள். ஒரு சர்க்கரைக் கட்டி, பிட்டர்ஸ், ஆரஞ்சுத் துண்டு, செர்ரி ஆகியவற்றை டம்ளரின் அடியில் இலேசாக மசித்து, ஐஸும் 60 மில்லி பிராந்தியும் சேர்த்து, எலுமிச்சைச் சுவையுள்ள இனிப்பு சோடாவைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். எனக்கு அது திகட்டுவதால், இனிப்பு சோடா பாதி, வெறும் சோடா பாதி என்று ஊற்றிக்கொள்கிறேன். அங்கேயும் அதற்குப் ப்ரெஸ் என்று ஒரு பெயரே இருக்கிறது.

நான்கைந்து பேருக்கு சைடுகார் செய்வதாக இருந்தால், பிராந்தியையும் லிக்கரையும் காலையிலேயே கலந்து புட்டியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். எலுமிச்சையை மட்டும் ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு பிழியுங்கள். இரண்டு கோப்பைக்கு மேல் ஒரே தடவையில் குலுக்கவும் வேண்டாம். இடம் போதாமல் ஐஸ் நகராது, சாறு மூடி வழியாக முழங்கைவரை வழியும்.