விளக்குத்தூண் கலெக்டரின் பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது? ஆங்கிலக் குடும்பப் பெயரை ஆராயும் முறை

மதுரை விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போகிறவர்களில் சிலருக்காவது, பழைய கோட்டை மதிலை இடித்து நகரை விரிவாக்கிய கலெக்டர் ஜான் பிளாக்பர்னின் நினைவாக அத்தூண் எழுப்பப்பட்டது என்பது தெரிந்திருக்கும். பிளாக்பர்ன் என்பதே ஓர் ஊரின் பெயர் என்பதை அறிந்தவர்கள் குறைவு. ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த ஆங்கிலக் குடும்பப் பெயரை ஆராய விரும்புவோர் இதையே மாதிரியாகக் கொள்ளலாம்.

முதலில் பெயரைப் பிரித்துப் பொருள் காண வேண்டும். பழைய ஆங்கிலத்தில் கருமையைக் குறிக்கும் சொல்லும் ஓடையைக் குறிக்கும் ‘பர்னா’ என்ற சொல்லும் சேர்ந்ததே பிளாக்பர்ன். நம் பட்டி, குளம், மங்கலம் போல அங்கும் ஈறுகள் உண்டு: ‘டன்’ பண்ணையையும், ‘ஃபோர்டு’ இறங்கிக் கடக்கும் ஆற்றுத்துறையையும், ‘லி’ காடு திருத்திய வெளியையும் குறிக்கும்.

அடுத்து ஊரைத் தேட வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பிளாக்பர்ன் 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்திலும் பிளாக்பர்ன் உண்டு. புதூர்க்காரர் என்றால் எந்தப் புதூர் என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியை இங்கும் விட்டுவிடக் கூடாது.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: பெயரைத் தந்த ஊருக்குள்ளேயே குடும்பத்தைத் தேடுகிறார்கள். மேலூரில் இருக்கும்வரை ஒருவரை யாரும் மேலூரார் என்று அழைப்பதில்லை. அவர் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்த பிறகே பக்கத்துக் கடைக்காரருக்கு ‘மேலூர் அண்ணாச்சி’ ஆகிறார், அவர் மகனோ மேலூரில் ஒருநாள்கூடத் தங்காமலே ‘மேலூரார் வீட்டுப் பிள்ளை’ ஆகிவிடுகிறான். இங்கிலாந்திலும் ஊரைவிட்டு வெளியேறியவருக்கே பெரும்பாலும் அப்பெயர் ஒட்டியது. இடைக்கால ஆவணங்களில் ஊர்ப்பெயருக்கு முன் நின்ற, ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ எனப் பொருள்படும் ‘டி’ என்ற பிரெஞ்சுச் சொல் நாளடைவில் உதிர்ந்தது. 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் தந்தைவழிச் சொத்தாக நிலைத்துவிட்டது. ஆகவே சுற்று வட்டாரத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். 1881-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட பெயர்ப் பரவல் வரைபடங்கள், அப்பெயர் எங்கே அடர்ந்திருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆவணங்களை எப்போதும் பின்னோக்கியே படிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளும், 1841 முதல் பெயர் வாரியான குடிக்கணக்கும் உள்ளன. அதற்கு முந்தையவற்றுக்கு, 1538-இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகளே துணை. எழுத்துக்கூட்டை மட்டும் நம்பக் கூடாது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். நம் கலெக்டரின் பெயரில்கூடக் கடைசியில் ஓர் ஆங்கில ‘ஈ’ (e) எழுத்து கூடுதலாக நிற்கிறது.

கடல் கடந்த பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். வாஷிங்டன் என்பது டர்ஹாம் பகுதி ஊர் ஒன்றின் பெயர். ஆனால் அடிமையாகப் பிறந்த அமெரிக்கக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பள்ளியில் சேர்ந்தபோது தாமே அதைச் சூட்டிக்கொண்டார். மதராஸ் மாகாணத்தில் வாழ்ந்த ஐரோப்பியர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. விளக்குத்தூணிலிருந்து புறப்படுகிறவர் அவற்றைப் பார்த்துவிட்டு இங்கிலாந்துப் பதிவேடுகளுக்குச் செல்வது நல்லது.