ஓய்வு பெற்ற முதல் வருஷத்தில் செய்யக் கூடாதவை

பணி நிறைவு விழா அன்று மாலை, சால்வை, வீடு வரை வேனில் வந்து விட்டுப்போகும் சக ஊழியர்கள். மறுநாள் காபி குடித்து, பேப்பரை வரி விளம்பரம் உட்பட வாசித்து முடித்தாலும் மணி எட்டரையைத் தாண்டாது. கும்பகோணத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஓய்வுக்குப் பின் செய்த தவறுகளில் பாதி, அந்த எட்டரை மணி வெறுமை தாங்காமல் அவசரத்தில் எடுத்த முடிவுகள். என்னுடையதும் சேர்த்துத்தான்.

டெல்டாக்காரனுக்கு முதலில் வரும் ஆசை நிலம். பணிக்கொடை கைக்கு வந்த சூட்டோடு கடைமடையில், அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், ஒன்பது மா (மூன்று ஏக்கர்) வாங்கினேன். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பது தெரியும். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை என்பது வசதியாக மறந்துபோனது. சி.ஆர். 1009 நெல் போட்டால் ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும், ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அதன் தலையில்தான். நடவுக்கு ஆள் தேட வேண்டும், அறுவடைக்கு மெஷின் பிடிக்க வேண்டும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த இடுப்பு இதற்குப் பழகவில்லை. குத்தகைக்கு எடுத்து ஒரு போகம் பார்த்துவிட்டு வாங்கியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு, 'எனக்கெதுக்கு இனி' என்று வீட்டைப் பிள்ளைகள் பேரில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுவது. பதிவு செய்த பிறகு நினைத்த மாத்திரத்தில் ரத்து செய்ய முடியாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவில் ஒரு வழி உண்டு: கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லையென்றால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கக் கேட்கலாம். ஆகவே நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருக்கட்டும். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சமாக இருந்தால், உயில் போதும். உயிரோடு இருக்கும் வரை மாற்றி எழுதலாம்.

ஊர் வீட்டை விற்றுவிட்டுச் சென்னை ஃபிளாட்டுக்குப் போவதும் இதே ரகம். ஆறு மாதம் வாடகைக்கு விட்டுப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆபீசில் அதிகாரம் செய்த பழக்கத்தில் அடுக்களைக்குள் நுழைந்து பருப்பு டப்பாக்களை ஒழுங்குபடுத்தினேன். "ரிட்டயர் ஆனது நீங்க. எனக்கு யார் ஆர்டர் கொடுத்தா?" என்றாள் மனைவி. அன்றிலிருந்து காய்கறி நறுக்குவதும், அவள் கோயிலுக்குப் போகும் நாளில் ரசம் வைப்பதும் என் வேலை. டப்பாக்கள் அவள் வைத்த இடத்தில் இருக்கின்றன.

பொழுதுபோக்கு தேடு என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வாங்கி வைத்த வீணை இரண்டாம் மாதமே உறை போட்டுக்கொண்டது. நிலைத்தது, நாம் வராவிட்டால் யாராவது கேட்கிற காரியம்தான். மாலையில் திண்ணையில் இரண்டு பையன்களுக்குக் கணக்கு. காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நாலு பேரோடு நடை, பிறகு டிகிரி காபி, அரசியல் சண்டை. நேற்று மழை என்று போகவில்லை. ஆறே முக்காலுக்கு போன் வந்துவிட்டது.