கியர் ஹப் யூனிசைக்கிள்: மேல் கியரை முதலில் பழகுங்கள்

ஒற்றைச் சக்கர சைக்கிளான சாதாரண யூனிசைக்கிளில் செயின் கிடையாது. பெடல் மாட்டும் தண்டான கிராங்க், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் அச்சில் நேராக மாட்டியிருக்கும். கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும். வேகம் கூட வேண்டுமென்றால் காலை வேகமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெரிய சக்கரத்துக்கு மாற வேண்டும். சக்கரம் பெரிதாகப் பெரிதாக ஏறுவது கடினம், எடை கூடும், கால் நீளமும் இடம் கொடுக்காது. நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 36 அங்குலத்தோடு நின்றுவிடுவது அதனால்தான்.

அதற்கு மேலும் வேகம் தேடுபவர்களுக்காக வந்தது, உள்ளேயே கியர் வைத்த கியர் ஹப். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஃப்ளோரியன் ஷ்லம்ஃப், இரு சக்கர சைக்கிள்களுக்கு, குதிகாலால் பொத்தானைத் தட்டி மாற்றும் கியர்களைச் செய்து பெயர் பெற்றவர். அதே யோசனையை யூனிசைக்கிள் ஹப்புக்குள்ளும் கொண்டுவந்தார். பின்னர் கனடாவைச் சேர்ந்த மலைப்பாதை யூனிசைக்கிள் வீரர் கிறிஸ் ஹோல்முடன் சேர்ந்து உருவான பதிப்புதான் பரவலாக அறியப்பட்டது. 2008இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 'ரைட் த லாப்ஸ்டர்' என்ற 800 கிலோமீட்டர் யூனிசைக்கிள் தொடர் ஓட்டம் நடந்தபோதே இந்த ஹப்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த ஹப்பை வாங்கும் எல்லோரும் முதல் நாளே கியர் மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வாரம் வீணானது. கியர் மாற்றுவது ஒரு நொடி வேலை. மாறிய பிறகு வரும் வண்டியோ, உங்களுக்குத் தெரிந்த வண்டியே இல்லை. அந்தப் புது வண்டியை முதலில் ஓட்டப் பழகிவிட்டால், மாற்றும் வித்தை தானாக வந்து சேரும். கீழே உள்ள வரிசையை அதை மனத்தில் வைத்துத்தான் அமைத்திருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஹப்புக்குள் இருப்பது கோள் கியர் அமைப்பு. நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில கோள் பல்சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உள்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். கீழ் கியரில் அச்சும் ஹப்பின் கூடும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சாதாரண யூனிசைக்கிள் போலவே ஒன்றுக்கு ஒன்று. மேல் கியரில் சூரியப் பல்சக்கரம் வண்டியின் சட்டத்தோடு பிடித்து நிறுத்தப்படுகிறது. கால் கோள்களைச் சுற்ற, கோள்கள் வளையத்தைத் தள்ள, சக்கரம் காலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழல்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 36 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.87 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் மணிக்கு 17 கிலோமீட்டர். அதே மிதிப்பில் மேல் கியர் போட்டால் கிட்டத்தட்ட 26. சிறிய வண்டிக்கும் இதே கதைதான். 24 அங்குல வண்டி மேல் கியரில் 36 அங்குலம் போல ஓடும். பயணத்துக்கு எடுத்துச் செல்லும் சிறு வண்டியில் பெரிய சக்கரத்தின் வேகம் கிடைப்பது, என் கண்ணில், இந்த ஹப்பின் மிக அழகான பயன்.

இதற்கு விலை உண்டு. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால், சக்கரத்துக்குப் போய்ச் சேரும் திருப்புவிசை அதே அளவில் குறையும். 150 மில்லிமீட்டர் கிராங்க் மேல் கியரில் 100 மில்லிமீட்டர் கிராங்க் போலத்தான் உணரப்படும். முன்னால் சாயும்போது ஒரு மிதியில் வண்டியை உங்களுக்குக் கீழே கொண்டுவந்துவிடுவீர்களே, அந்த மிதி இப்போது பலவீனமாகிவிட்டது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. மேல் கியரில் சட்டமும் விசையின் ஒரு பங்கைத் தாங்குவதால், அழுத்தி மிதிக்கும்போது சீட்டின் முனை மெல்ல முன்னோக்கித் தள்ளப்படும். முதல் நாள் எல்லோரையும் தடுமாற வைப்பது இந்த இரண்டும்தான்.

தொடங்கும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

கியர் இல்லாத வண்டியில், எதையும் பிடிக்காமல் ஏறி, இரண்டு மூன்று கிலோமீட்டர் விழாமல் ஓட்டி, நினைத்த இடத்தில் இறங்கத் தெரிய வேண்டும். ஒரு கையால் சீட்டின் பிடியைப் பிடித்தபடி ஓட்டத் தெரிய வேண்டும். இது வரவில்லையென்றால் கியர் ஹப் காத்திருக்கட்டும், அவசரம் வேண்டாம்.

பாதுகாப்புச் சாமான்களில் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் தேவை என்பது உங்களுக்குத் தெரியும். மணிக்கட்டுக் கவசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெதுவாகப் போகும்போது விழுந்தால் முன்னால் குதித்து இரண்டடி ஓடிச் சமாளித்துவிடலாம். மேல் கியர் வேகத்தில் உங்கள் கால்கள் அந்த ஓட்டத்தைப் பிடிக்காது. கைகள்தான் முதலில் தரையைத் தொடும். உள்ளங்கையில் கடினமான தகடு வைத்த கவசம் இருந்தால் கை தரையில் சறுக்கிப் போகும், மணிக்கட்டு தப்பிக்கும். இதைப் போடாமல் மேல் கியரில் ஏறாதீர்கள்.

செருப்பு கூடாது. அடிப்பாகம் தட்டையாகவும் குதிகால் ஓரம் உறுதியாகவும் உள்ள ஷூ வேண்டும். பொத்தானைத் தட்டப்போவது அந்த ஓரம்தான். நாடாவை உள்ளே செருகிவிடுங்கள், கிராங்கில் சுற்றிக்கொண்டால் ஆபத்து. பெடலின் முட்கள் மிகக் கூர்மையாக இருந்தால் குதிகாலைத் திருப்ப முடியாது. பாதத்தைப் பிடிக்கவும் வேண்டும், திரும்பவும் விட வேண்டும்.

வண்டியைச் சரிபார்த்தல்

சூரியப் பல்சக்கரத்தைச் சட்டம்தான் பிடித்து நிறுத்துகிறது என்று சொன்னேன். அந்தப் பிடிப்பு ஹப்பின் வகைக்கு ஏற்ப பேரிங் மூடியில் உள்ள ஒரு சிறு திருகாலோ, சட்டத்தோடு இணைக்கும் ஒரு உலோகக் கையாலோ கிடைக்கும். அது தளர்ந்தால் மேல் கியரில் பல்சக்கரம் நழுவிவிடும். நீங்கள் முழு எடையோடு மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் கால் கீழே போய்விடும். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் அந்தத் திருகைத் தொட்டுப் பாருங்கள். கிராங்க் போல்ட்டுகளையும், அச்சின் இரண்டு முனைகளிலும் உள்ள கியர் பொத்தான்களையும் அப்படியே பாருங்கள். திருகுகளை எவ்வளவு இறுக்குவது, கிரீஸ் எப்போது வைப்பது என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேட்டை மட்டும் நம்புங்கள்.

பிறகு வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு பக்கப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக் கிராங்கை மெல்லச் சுற்றுங்கள். அடுத்து மறுபக்கம். எந்தப் பக்கம் அழுத்தினால் சக்கரம் வேகம் எடுக்கிறது என்று பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அழுத்தியவுடன் எப்போதும் மாறாது என்பதும் இப்போது புரியும். உள்ளே பற்கள் நேருக்கு நேர் வரும் இடத்தில்தான் பொருந்தும். அந்த நேரத்தில் கிராங்க் ஒரு கணம் சும்மா ஓடும். இந்த வெற்று ஓட்டத்தைக் கையால் பத்துப் பதினைந்து முறை உணர்ந்து பாருங்கள். பிறகு காலில் வரும்போது திடுக்கிடமாட்டீர்கள்.

முதல் படி: கையால் கியர் போட்டு ஏறுங்கள்

சமதளமான, ஆளில்லாத, நீளமான இடம் வேண்டும். சிறு சரிவுகூட முதல் வாரத்தில் கூடாது.

நின்றபடி கையால் மேல் கியர் போடுங்கள். சக்கரத்தைச் சிறிது முன்னும் பின்னும் உருட்டி, கியர் முழுதாகப் பொருந்திவிட்டதா என்று பாருங்கள். ஒரு சுவரையோ கம்பத்தையோ பிடித்து ஏறி உட்காருங்கள். நன்றாக முன்னால் சாய்ந்து, இரண்டு பெடலிலும் வழக்கத்தைவிட அழுத்தி, விட்டுவிடுங்கள்.

முதல் முயற்சிகளில் நீங்கள் முன்னால் இறங்கிவிடுவீர்கள். உடம்பு பழைய கணக்கில் சாய்கிறது, சக்கரம் அந்தக் கணக்குக்கு வந்து சேரவில்லை. உடம்பை அசைக்காமல் ஒரே கோடாக வைத்து, மிதிப்பை முன்கூட்டியே கொடுக்கப் பழக வேண்டும். கியர் இல்லாத வண்டியில் சாய்ந்த பிறகு திருத்தலாம். இங்கே சாயப்போவதை உணர்ந்தவுடனே திருத்த வேண்டும். ஒரு கையால் சீட்டின் பிடியை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். முன்னால் தள்ளும் அந்தச் சீட்டு முனை அடங்கும், அழுத்திய விசையும் வீணாகாமல் பெடலுக்குப் போகும்.

வேகம் எடுத்த பிறகு எல்லாம் இலகுவாகிவிடும். நடை வேகத்தில்தான் மேல் கியர் உங்களைப் பாடாய்ப் படுத்தும். ஓட்ட வேகத்துக்கு வந்ததும் சக்கரமே உங்களை நிமிர்த்திப் பிடிக்கும். ஆகவே முதல் பத்து மீட்டரைத் தயங்காமல் கடந்துவிடுங்கள். ஹப்புக்குள் சிறிய ஆட்டம் இருப்பதால், மிதிப்பதை விட்டுப் பின்னழுத்தம் கொடுக்கும்போது (வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது) ஒரு சின்ன 'டக்' கேட்கும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

இந்தப் படியில் எவ்வளவு காலம் இருக்கலாம்? மேல் கியரிலேயே ஏறி, ஒரு கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு பக்கமும் பெரிய வளைவு போட்டு, நினைத்த இடத்தில் இறங்கும் வரை. எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் ஒரு முறைகூட காலால் பொத்தானைத் தொடவில்லை.

இரண்டாம் படி: குதிகாலுக்குப் பாடம்

இதைக் கீழ் கியரிலோ கியர் இல்லாத பழைய வண்டியிலோ செய்யலாம். நான் பழைய வண்டியைத்தான் சொல்வேன், தவறிப்போய் கியர் மாறும் பயமே இல்லை.

பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும்போது கிராங்க் எங்கே வந்தால் குதிகால் அச்சுக்கு அருகில் வரும்? பெடல் முன்னால், கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது. அந்த இடத்தில் விரல்களைச் சற்று வெளியே திருப்பினால் குதிகால் தானாக உள்ளே போய்க் கிராங்க் போல்ட்டைத் தொடும். ஓட்டிக்கொண்டே, மூன்று சுற்றுக்கு ஒரு முறை தொடுங்கள். பார்வை சாலையில் இருக்கட்டும். குனிந்து பார்த்தால் சமநிலை போய்விடும். வலது காலுக்கு நூறு, இடது காலுக்கு நூறு. பொத்தானைத் தட்டும்போது பெரும்பாலானவர்கள் விழுவது கியர் மாறுவதால் அல்ல, குதிகாலால் அதைத் தேடும்போது மிதிப்பின் சீர் குலைவதால்தான்.

மூன்றாம் படி: மேலே மாற்றுதல்

கீழ் கியரில் வசதியான வேகத்துக்கு வாருங்கள். 36 அங்குல வண்டியென்றால் மணிக்கு 13 முதல் 15 கிலோமீட்டர் போதும். சீட்டில் முழு எடையையும் இறக்கி உட்காருங்கள், பிடியைப் பற்றுங்கள். பெடல் முன்னால் வரும்போது குதிகாலால் பொத்தானை ஒரே தட்டாகத் தட்டிவிட்டுப் பாதத்தை உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இனி நடப்பது இதுதான்: ஒரு கணம் வெற்று ஓட்டம், பிறகு பல் பொருந்தும் உணர்வு, அடுத்த நொடி கால் மெதுவாகவும் மிதி கனமாகவும் ஆகிவிடும். நிமிடத்துக்கு 87 சுற்று சுற்றிய கால் 58க்கு இறங்கும். அந்தக் கனத்தை முன்கூட்டியே எதிர்பார்த்துத் தட்டும்போதே சற்று முன்னால் சாய்ந்திருந்தால் இந்த மாற்றம் இயல்பாக இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் சக்கரம் முன்னே போக, நீங்கள் பின்னே விழுவீர்கள். தட்டியது மாறவில்லையென்றால் பதற்றப்பட்டு மறுபடி உதைக்காதீர்கள். இரண்டு சுற்று சீராக ஓட்டிவிட்டுப் பிறகு தட்டுங்கள்.

நான்காம் படி: கீழே மாற்றுதல்

இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். மணிக்கு 18 கிலோமீட்டரில் மேல் கியரில் போகும்போது, உங்கள் கால் நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்திலேயே கீழே மாற்றினால் அடுத்த கணம் 105 சுற்று கேட்கும். பெடல் காலை உதறிவிடும்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு 12க்கு வந்துவிட்டால் 47இலிருந்து 70க்குத்தான் தாவ வேண்டும். அது எந்தக் காலுக்கும் முடியும். குறைப்பதற்கு மிதிப்பின் பின்னழுத்தம் மட்டும் போதாது, மேல் கியரில் அதுவும் பலவீனம். வண்டியில் பிரேக் கட்டாயம் இருக்க வேண்டும். பிடிக்கும் முன் உடம்பைச் சற்றே பின்னால் கொண்டுவந்து, ஒரு விரலால் மெல்லப் பிடியுங்கள். திடீரென்று பிடித்தால் சட்டம் உங்களோடு சேர்ந்து முன்னால் கவிழும். வேகம் குறைந்ததும் பிரேக்கை முழுதாக விட்டு, இடுப்பை நிமிர்த்தி, கால்களை வேகச் சுற்றுக்குத் தயாராக வைத்து, மறுபக்கப் பொத்தானைத் தட்டுங்கள்.

ஏற்றம் வருகிறதென்றால் ஏற்றத்தில் அல்ல, அதற்கு முந்தைய சமதளத்திலேயே மாற்றிவிடுங்கள். ஏற்றத்தில் மேல் கியரில் மாட்டிக்கொண்டால் இறங்கிக் கையால் மாற்றுவதே நல்லது. எதிர்க்காற்றும் கிட்டத்தட்ட ஏற்றம் மாதிரிதான். இறக்கத்தில் மேல் கியரை நான் இன்றும் தவிர்க்கிறேன், பிரேக் சூடாகி உங்களைக் கைவிட்டால் கால் அங்கே போதாது.

நெரிசலில் வேண்டவே வேண்டாம். மேல் கியரில் திடீர் நிறுத்தம் என்று ஒன்று கிடையாது. குதிப்பது, திண்டிலிருந்து இறங்குவது போன்றவற்றையும் கீழ் கியருக்கே விட்டுவிடுங்கள். இன்னும் ஒன்று: சில வாரம் கழித்து, தட்டாமலேயே கியர் மாறுவது போல் ஒரு நாள் நடக்கலாம். பெரும்பாலும் உங்கள் கணுக்கால் பொத்தானை உரசியிருக்கும். பாதத்தை அரை விரல் அளவு வெளியே நகர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்படியும் நின்றபாடில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பொத்தானையும் பேரிங் மூடித் திருகையும் மறுபடி சரிபாருங்கள்.