ஒத்த டிக், ரெண்டு டிக், நீல டிக்: பாம்பன் கரையிலிருந்து ஒரு விளக்கம்

பாம்பனில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். "அக்கா, வாட்ஸ்அப்ல அனுப்புனது ஒத்த டிக்குலயே நிக்குது, என்னன்னு பாருங்க" என்று போனை நீட்டாத ஆள் கடைக்கு வருவது குறைவு. கடலுக்குப் போன புருஷன், சவூதியில் இருக்கும் மகன், பணம் தர வேண்டிய நண்டு வியாபாரி என்று எதிர்முனையில் யாராவது ஒருவர் இருப்பார். அனுப்பியவரின் முகத்தைப் பார்த்தாலே யாருக்கு அனுப்பியது என்று தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அந்த டிக் போனைப் பற்றித்தான் சொல்லும். போன் வைத்திருக்கும் ஆள் என்ன நினைக்கிறார், எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பிய செய்தியின் ஓரத்தில், நேரத்துக்குப் பக்கத்தில் வழக்கமாக வரும் குறிகள் நாலுதான். கடிகாரம் என்றால் செய்தி இன்னும் நம் போனை விட்டே போகவில்லை. ஒரு சாம்பல் டிக் வந்தால் நம் போனை விட்டுக் கிளம்பி வாட்ஸ்அப் சர்வரில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சாம்பல் டிக் வந்தால் அவர் போனுக்குப் போய்விட்டது. இரண்டும் நீலமானால் அந்தப் பேச்சு அவர் திரையில் திறக்கப்பட்டிருக்கிறது.

கடிகாரம் பெரிய விஷயமில்லை. குறை நம் பக்கம்தான். டேட்டா ஆன் ஆகியிருக்கிறதா, ஏரோப்ளேன் மோடு தெரியாமல் விழுந்திருக்கிறதா, அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியதுதான். எங்கள் பக்கம் இதில் கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போனால் சில போன்கள் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரியும், ஆனால் ரோமிங் இல்லாததால் நெட் ஓடாது, கடிகாரம் அப்படியே நிற்கும். செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்குக்குப் போய், தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, நம் கம்பெனியின் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் திரும்பியதும் பழையபடி மாற்றிவிடுங்கள். செய்தியின் பக்கத்தில் சிவப்பாக ஆச்சரியக்குறி வந்தால் அனுப்ப முயன்று தோற்றுவிட்டது என்று பொருள். அதைத் தொட்டுத் திரும்ப அனுப்பலாம்.

இனி ஒத்த டிக். கடைக்கு வரும் கண்ணீரில் பெரும்பகுதி இதற்குத்தான்.

ஒத்த டிக் என்றால் அவருடைய போன் இப்போது வாட்ஸ்அப்போடு தொடர்பில் இல்லை, அவ்வளவுதான். போன் அணைந்திருக்கலாம், சார்ஜ் போயிருக்கலாம், நெட் இல்லாத இடத்தில் இருக்கலாம். கடலில் இருப்பவர் விஷயத்தில் இந்த மூன்றுமே சேர்ந்து நடக்கும். மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் போகும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் விட்டுப்போகும். வடகடல் என்கிற பாக் விரிகுடாவோ, தென்கடல் என்கிற மன்னார் வளைகுடாவோ, நடுக்கடலில் டவர் கிடையாது. நனையாமல் இருக்கப் பாலித்தீன் கவரில் சுற்றிப் படகின் முன்பக்க அணியத்தில் எங்கேயோ சொருகிவைத்த போனுக்கு நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு அனுப்பியது ஒத்த டிக்கில்தான் நிற்கும், நிற்க வேண்டும். அது இரண்டானால்தான் ஆச்சரியம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடியுங்கள். மேலே மூன்று புள்ளி வரும், அதைத் தொட்டால் 'இன்ஃபோ' என்று இருக்கும். ஐபோனில் செய்தியை இடது பக்கம் இழுத்தாலே அந்தப் பக்கம் திறக்கும். செய்தி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, எத்தனை மணிக்குப் படிக்கப்பட்டது என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். ராத்திரி அனுப்பியது விடிகாலை 4.50க்குச் சேர்ந்திருக்கிறது என்றால் அவருடைய போன் அந்த நேரத்தில் சிக்னலுக்குள் வந்துவிட்டது, படகு கரையை நெருங்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். மீன் வாங்க ஐஸ் பெட்டியோடு கிளம்பும் அக்காமார் சிலர் இப்போது இதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவைக் கூப்பிடுகிறார்கள். பார்க்காமல் போய் மணலில் காத்துக் கிடப்பதற்கு இது மேல்.

ஆனால் படகு வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால் டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கூடப் போன படகுகளில் கேளுங்கள், மீனவர் சங்கத்தில் சொல்லுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, மரைன் போலீசுக்கு 1093. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள், முடிந்தால் சுவரிலும் எழுதி வையுங்கள். இலங்கைக் கடற்படை பிடித்துப்போய்விட்டது என்ற பயம் எங்கள் வீடுகளில் எப்போதும் உண்டு. அந்தச் செய்தியும் கூடப் போன படகுகள், சங்கம், மீன்வளத்துறை வழியாகத்தான் வரும். ஒத்த டிக்கை வைத்து அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப் பிடிபட்டு வெகுநாள் கழித்துத் திரும்புகிறவர்கள் விஷயத்தில் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: போய்ச் சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள்தான் தன் சர்வரில் வைத்திருக்கும். அதற்குப் பிறகு அழித்துவிடும். உங்கள் போனில் அந்தச் செய்தி ஒத்த டிக்கோடு இருந்துகொண்டே இருக்கும், அவர் போனை ஆன் செய்தாலும் போகாது. முக்கியமான விஷயம் என்றால் திரும்ப அனுப்ப வேண்டும்.

அடுத்த கூட்டம் வெளிநாட்டு ஒத்த டிக். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ இருப்பார். "வாப்பாவுக்குக் காலையிலேயே அனுப்பினேன், இன்னும் ஒத்த டிக்குத்தான்" என்று ஒரு பிள்ளை சொல்லும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். நமக்கு விடிந்து ஏழு மணி என்றால் சவூதியில் நாலரை. தூங்குகிற ஆளின் போன் வைஃபை இல்லாமல் கிடக்கும். வேலைக்குப் போனபின் போனை லாக்கரில் வைக்கச் சொல்லும் இடங்களும் உண்டு.

இதற்கு மேலும் ஒத்த டிக் நாள்கணக்கில் நின்றால், எல்லோருக்கும் வருகிற சந்தேகம்: பிளாக் செய்துவிட்டாரா? பிளாக் செய்தால் உங்கள் செய்தி ஒத்த டிக்கிலேயே நிற்கும் என்பது உண்மை. அவர் ஆன்லைனில் இருப்பதும், கடைசியாக எப்போது வந்தார் என்பதும் தெரியாது. போட்டோ மாற்றினாலும் உங்களுக்கு வராது. கால் போகாது. ஆனால் இதில் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் உண்டு. கடைசியாக வந்த நேரத்தையும் போட்டோவையும் யார் வேண்டுமானாலும் செட்டிங்ஸில் மறைக்கலாம். 2022இலிருந்து ஆன்லைனில் இருப்பதையும் மறைக்க முடிகிறது. வாட்ஸ்அப் இதை வேண்டுமென்றேதான் மங்கலாக வைத்திருக்கிறது, பிளாக் செய்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக.

கால் செய்து பார்க்கும்போது திரையைக் கவனியுங்கள். 'காலிங்' என்றே நின்றால் அழைப்பு அவர் போனை எட்டவில்லை. 'ரிங்கிங்' என்று மாறினால் அங்கே மணி அடிக்கிறது. ஆனால் இந்தச் சோதனையைத் துபாயில் இருப்பவரிடம் செய்யாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பேசுவது பொதுவாக வேலை செய்யாது. எழுத்து, படம், வாய்ஸ் நோட் மட்டும்தான் போகும். இது தெரியாமல் மச்சான் பிளாக் பண்ணிட்டாருன்னு வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்த கதை எங்கள் பக்கம் உண்டு.

இரண்டு சாம்பல் டிக் வந்துவிட்டது, பதில் இல்லை. அவர் இன்னும் திறக்காமல் இருக்கலாம். மேலே வரும் அறிவிப்பிலேயே முழுச் செய்தியையும் படித்துவிட்டு உள்ளே போகாமலும் இருக்கலாம், அப்படிப் படித்தால் நீலமாகாது. அவருடைய கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்திருந்து, அங்கே போய்ச் சேர்ந்ததற்கும் இரண்டு டிக் விழும். இன்னொன்று, பல மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரைக் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். பழைய நம்பருக்கு அனுப்பி இரண்டு டிக் வந்தாலும், அது முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கலாம். பேங்க் விவரம், ஆதார் போட்டோ மாதிரி எதையாவது அனுப்பும் முன் ஒருமுறை பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் பேட்டரி சேவர். "என் போனுக்கு மட்டும் நான் வாட்ஸ்அப்பைத் திறந்தால்தான் மெசேஜ் வருது" என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சார்ஜை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்பைப் போன் தூங்க வைத்துவிடும். அனுப்பியவருக்கு ஒத்த டிக்கே தெரியும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் வாட்ஸ்அப், அதில் பேட்டரி என்று போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, பின்னணி டேட்டாவையும் அனுமதித்தால் சரியாகிவிடும்.

நீல டிக் 2014இல் வந்தது. வந்தபோதே பலருக்குப் பிடிக்கவில்லை, அதனால் அணைக்கும் வசதியும் வந்தது. செட்டிங்ஸ், பிரைவசி, அதில் 'ரீட் ரிசீப்ட்ஸ்'. அணைத்தால் நீங்கள் படித்தது மற்றவருக்குத் தெரியாது, மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பதும் போய்விடும். நான் அணைக்கவில்லை. கடைக்காரிக்கு யார் படித்தார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். நீலம் விழுந்தால் அந்த ஆளே படித்தார் என்று பொருள் இல்லை. பேரன் கேம் விளையாடும்போது தெரியாமல் திறந்திருக்கலாம்.

எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வாய்ஸ் நோட்தான் உயிர். அதில் டிக்கோடு ஒரு மைக் படமும் இருக்கும். மைக் நீலமானால் கேட்டுவிட்டார் என்று பொருள். டிக் நீலமாகி மைக் சாம்பலாகவே இருந்தால், பேச்சைத் திறந்தார், இன்னும் கேட்கவில்லை. ரீட் ரிசீப்ட்ஸை அணைத்தவரானாலும் வாய்ஸ் நோட்டைக் கேட்டால் மைக் நீலமாகிவிடும், குரூப்பில் படித்தாலும் தெரிந்துவிடும். மறைந்துகொள்ள நினைப்பவர்கள் மாட்டுவது இந்த இரண்டில்தான்.

குரூப்பில் கணக்கு வேறு. எல்லோர் போனுக்கும் போனால்தான் இரண்டாவது டிக், எல்லோரும் படித்தால்தான் நீலம். படகுக்காரர்கள் இருக்கிற குரூப்பில் ஒருவர் கடலில் இருந்தாலும் ஒத்த டிக்தான். அதனால் குரூப்பில் டிக்கைப் பார்க்கவே வேண்டாம், நேராக இன்ஃபோவுக்குப் போங்கள். யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள், எத்தனை மணிக்கு என்று பெயர் பெயராக இருக்கும். எங்கள் மகளிர் குழுவில் தவணை கட்டும் நாளை நான்தான் போடுவேன். "பார்க்கவே இல்லையே அக்கா" என்பவரிடம் "காலையில 9.12க்குப் பார்த்திருக்கியேடி" என்று சொல்ல முடிவது இதனால்தான்.

கோபத்தில் எதையாவது அனுப்பிவிட்டீர்களா? ஒத்த டிக்கில் நிற்கும்போதே அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் அழி என்பதைக் கொடுத்துவிடுங்கள். கடலுக்குப் போனவர் கரைக்கு வந்ததும் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்ற தடம் அவருக்குத் தெரியும், உள்ளே இருந்தது தெரியாது. என்ன அழித்தாய் என்று கேட்டால் பதில் உங்கள் சாமர்த்தியம். அனுப்பி இரண்டரை நாள் வரை இது செல்லும். வார்த்தையை மட்டும் திருத்த வேண்டுமானால் 15 நிமிடத்துக்குள் செய்ய வேண்டும்.

டெலிகிராம் வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே ஒத்த டிக் என்றால் செய்தி டெலிகிராமின் சர்வருக்குப் போய்விட்டது, இரண்டு டிக் என்றால் படித்துவிட்டார். நடுவில் 'போனுக்குப் போய்ச் சேர்ந்தது' என்பதற்குத் தனிக் குறி இல்லை. வாட்ஸ்அப் பழக்கத்தில் டெலிகிராமின் இரண்டு டிக்கைப் பார்த்துவிட்டு "இன்னும் படிக்கல போல" என்று காத்திருப்பவர்கள் நிறைய.

யார் பிளாக் செய்தார்கள் என்று காட்டுகிறேன், மறைத்த நேரத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லும் ஆப்களையும், ஜிபி வாட்ஸ்அப் மாதிரியான போலிகளையும் போட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள். உங்கள் பேச்சு யார் கைக்குப் போகிறது என்று தெரியாது, வாட்ஸ்அப்பும் கணக்கை முடக்கிவிடும். முடங்கிய நம்பரைத் திறந்துகொடுக்க என் கடையில் சாவி கிடையாது.