இமேஜ்ஜேயில் தசைப் பரப்பு குறைவாக வந்தால்

மண்டபம், கீழக்கரைப் பக்கத்து மீனவர்கள், சங்கு குளிப்பவர்கள் இவர்களின் வயிற்று சிடி ஸ்கேன் படங்களில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசைப் பரப்பை, படங்களை அளக்கும் இமேஜ்ஜே மென்பொருளில் அளந்துகொண்டிருந்தோம். கணக்கு தலைகீழாக வந்தது. ஆள் எவ்வளவு பருமனோ, தசை அவ்வளவு குறைவு! வலை இழுத்து உரமேறிய உடம்புக்கு 92 சதுர செ.மீ. என்றால் யார் நம்புவார்கள்?

முதலில் சந்தேகப்பட்டது, தசையை மற்ற திசுவிலிருந்து பிரித்துக் காட்டும் -29 முதல் +150 வரையிலான ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடி அடர்த்தி அலகு) வரம்பை. அது சரி. எலும்பின் இரு பக்கக் கிளைகளும் முழுதாகத் தெரியும் வெட்டுதானா என்று பார்த்தோம், அதுவும் சரி. எல்லைக்கோட்டைத் திரும்ப வரைந்தும் அதே எண்தான்.

கடைசியில் கண்ணில் பட்டது படத்துக்கு மேலே உள்ள சின்ன எழுத்து. எல்லாப் படத்துக்கும் அகலம் 360 மி.மீ. என்றே இருந்தது. பெரிய உடம்புக்கு ஸ்கேன் வட்டத்தை 460 வரை விரிப்பார்கள். படத்தின் அகலமோ எப்போதும் 512 புள்ளிதான் (பிக்சல்). ஆக ஒரு புள்ளி 0.703 அல்ல, 0.898 மி.மீ. பரப்பில் இந்த வித்தியாசம் வர்க்கமாக ஏறும்: 150 இருக்க வேண்டியது 92 ஆகிவிடும்.

காரணம், ‘அனலைஸ்’ மெனுவில் ‘செட் ஸ்கேல்’ பெட்டியில் ‘குளோபல்’ டிக் ஆகியிருந்தது. முதல் படத்தின் அளவுகோலே எல்லாவற்றின் மேலும் ஏறிவிட்டது. இமேஜ்ஜே எச்சரிக்கத்தான் செய்யும். இந்தக் கணினியில் அந்தச் செய்தியையும் யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள்.

டிக்கை எடுத்து, படங்களை மூடித் திரும்பத் திறந்ததும் அகலம் 460 என்று காட்டியது. ‘ஷோ இன்ஃபோ’வில் புள்ளியின் அளவைச் சொல்லும் 0028,0030 வரியோடு ஒப்பிட்டு உறுதி செய்த பிறகே மறுபடி அளந்தோம். அப்பாடா!